தலைக்கா, சாமிக்கா, கண்ணுக்கா, பட்டாம்பூச்சிக்கா: வீட்டுல எந்த மாதிரி பூந்தோட்டம் போடலாம்?

தங்கச்சி திருச்சிக்கு வெளில புதுசா வீடு கட்டி குடிபோய் நாலு மாசம் ஆகுது. வீட்டுக்கு வடக்குப் பக்கம், சமையக்கட்டுக் கதவைத் திறந்தா நேரா 20 அடிக்கு 30 அடி காலி இடம். கார் நிக்குற இடம், செப்டிக் டேங்க், போர் எல்லாம் வேற பக்கம் போயிடுச்சு, இது மட்டும் சும்மா கிடக்கு. அங்க பூந்தோட்டம்தான்னு முடிவு பண்ணிட்டாங்க, ஆனா என்ன மாதிரி தோட்டம்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தங்கச்சிக்கு ரோஜா வேணும், ஊட்டில பாத்த மாதிரி. அவ வீட்டுக்காரருக்கு நடுவுல புல்தரை, ஓரத்துல கலர் கலரா பூ. அவ மாமியாருக்கு மல்லியும் சாமிக்குப் பூவும். பெரிய பொண்ணு ஏழாவது படிக்குது, ஸ்கூல்ல இருந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்ததுல இருந்து அதுதான் வேணுங்குது. "அக்கா நீ பன்னெண்டு வருஷமா செடி வெச்சிருக்கல்ல, நீயே சொல்லு"ன்னு என்கிட்ட விட்டுட்டா. அவளுக்காக உக்காந்து யோசிச்சு எழுதினதுதான் இது, இதே குழப்பத்துல இருக்குற வேற யாருக்காச்சும் உதவட்டும்னு இங்க போடுறேன்.

செடி பேரு எதுவும் எடுக்குறதுக்கு முன்னாடி நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான், பூத்த பூ எங்க போகப் போகுது? தலைக்கா, சாமிப் படத்துக்கா, செடிலயே நின்னு கண்ணுக்குக் குளிர்ச்சியாவா, இல்ல தேன் குடிக்க வர்ற பூச்சிக்கா? தலைக்குன்னா தினமும் பறிக்கணும், பறிக்க ஆள் வேணும். கண்ணுக்குன்னா பறிக்கவே கூடாது, ஆனா மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை செடியையே மாத்தணும். சாமிக்குன்னா தினமும் கொஞ்சம் கொஞ்சமா வருஷம் பூரா பூக்குறதா இருக்கணும். பூச்சிக்குன்னா மருந்தே அடிக்கக் கூடாது. நாலுக்கும் வேலை வேற, நேரம் வேற, அதனால நர்சரிக்குப் போயி அழகா இருக்குதுன்னு அள்ளிட்டு வந்து வெச்சா ஒரே வருஷத்துல பாதி காஞ்சு போறது அந்த வேலை நமக்கு ஒத்து வராததாலதான், மண்ணு சரியில்ல கை ராசி இல்லன்னு நாமளா ஒரு காரணம் சொல்லிக்கிறோம்.

அடுத்தது வெயில். இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இங்கதான் நெறைய பேரு வெளிநாட்டு வீடியோவைப் பாத்து ஏமாந்து போறாங்க. அந்த ஊருல சூரியன் எப்பவுமே தெற்கால போகும், அதனால தெற்குப் பக்கம் வெயில் வடக்குப் பக்கம் நிழல்னு ஒரே வரில சொல்லிடுவாங்க. நமக்கு அப்படி இல்ல. திருச்சில சித்திரை தொடக்கத்துல மதியச் சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்துடும், அதுக்கப்பறம் ஆவணி வரைக்கும் தலைக்குக் கொஞ்சம் வடக்காலதான் போகும். அப்போ வீட்டுக்கு வடக்குப் பக்கம் சுள்ளுன்னு வெயில். ஐப்பசிக்கு மேல சூரியன் நல்லா தெற்கால சாஞ்சுடும், அதே வடக்குப் பக்கம் நிழலாயிடும். மார்கழி உச்சி வெயில்லயே 10 அடி உயர சுவரு வடக்குப் பக்கம் கிட்டத்தட்ட 7 அடிக்கு நிழல் விடும். தங்கச்சி வீட்டுக்கு கைப்பிடிச் சுவரோட சேத்து 14 அடி உயரம், அப்போ மார்கழில சுவத்துல இருந்து ஒம்பது பத்து அடி வரைக்கும் நிழல்தான், காலைலயும் சாயங்காலமும் இன்னும் நீளமா விழும். அதாவது அந்த 20 அடி ஆழத்துல சுவத்துப் பக்கம் பாதி இடம் கோடைல வெயில், குளிருல நிழல். தள்ளி இருக்குற பாதி பெரும்பாலும் வருஷம் பூரா வெயில். இது தெரிஞ்சதுமே எனக்குப் பாதி முடிவு வந்துடுச்சு, ஏன்னு பின்னாடி சொல்றேன். நீங்களும் ஒரு நாள் காலைல எட்டு மணி, மதியம், நாலு மணின்னு மூணு தடவை போயி நிழல் எங்க விழுதுன்னு சுண்ணாம்புல கோடு போட்டுப் பாருங்க. ஆனா அது அந்த மாசத்து நிழல்தான், ஆறு மாசம் கழிச்சு மாறும்ங்கறதை மனசுல வெச்சுக்கோங்க.

சரி, மொதல்ல தலைக்குப் பூக்குற தோட்டம். அதுன்னா நம்ம ஊருல மல்லிதான், ஆனா மல்லின்னு சொன்னா அதுல நாலு வகை இருக்கு. குண்டுமல்லி, முல்லை, பிச்சி, காக்கட்டான். பிச்சியைத்தான் நம்ம பக்கம் ஜாதிமல்லின்னும் சொல்றோம். குண்டுமல்லி புதரா நிக்கும், பந்தல் தேவையில்ல. முல்லையும் பிச்சியும் கொடி ஓடும், கொஞ்சம் இடம் கேக்கும், செடிக்குச் செடி 5 அடி விட்டாதான் பின்னாடி நெருக்கடி வராது. குண்டுமல்லிக்கு 4 அடி போதும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அது இந்த குண்டுமல்லிதான். அதுக்கு நாத்து பெரும்பாலும் ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம் பக்கத்துல இருந்துதான் போகுது, அந்த மணல் பூமில குச்சி நல்லா வேர் விடுது. நாம வாங்குறப்போ எங்க வளந்த நாத்துன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது.

குண்டுமல்லியோட கணக்கு ரொம்பத் தெளிவானது. கார்த்திகை நடுவுல, நவம்பர் கடைசில கவாத்து பண்ணணும். தரைல இருந்து ஒன்றரை அடி விட்டுட்டு மிச்சத்தை வெட்டிடணும், இலையையும் உருவிடணும். பாக்க மனசு பதறும், மொட்டையா நிக்கும். ஆனா வெட்டாம விட்டா கொடி மாதிரி நீண்டுக்கிட்டே போகுமே தவிர மொட்டு பிடிக்காது, புதுசா வர்ற பக்கக் கிளையோட நுனிலதான் பூ வரும். வெட்டினதுக்கு அப்பறம் தொழுஉரம் போட்டு மண் அணைச்சு விட்டா மாசி கடைசில மொட்டு எட்டிப் பாக்கும், பங்குனில இருந்து புரட்டாசி வரைக்கும் பூக்கும். எங்க வீட்டு ஆறு செடில சித்திரை வைகாசில ஒரு நாளைக்கு ரெண்டு முழத்துல இருந்து மூணு முழம் வரைக்கும் கட்டலாம், மார்கழில ஒரு பூகூட கிடைக்காது. மார்கழிப் பூவு வேணும்னா அதுக்கு மல்லி ஒத்து வராது. முல்லைக்கு கவாத்து தை நடுவுல, பிச்சிக்கு அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அதனால ரெண்டு மூணு வகை கலந்து வெச்சா சீசன் கொஞ்சம் நீளும்.

பறிக்கிறதுதான் விஷயம். மல்லியை விரிஞ்ச பிறகு பறிச்சா அது அன்னிக்கே வாடிடும், கட்டவும் வராது. விடிகாலைல அஞ்சரை மணிக்குப் போகணும். அந்த வெளிச்சத்துல இன்னிக்கு மாலை விரியப் போற மொட்டும் நாளைக்கு விரியப் போற மொட்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். இன்னிக்கு மொட்டு பாலு மாதிரி வெள்ளையா தலை உருண்டு இருக்கும், நாளை மொட்டுல லேசா ஒரு பச்சை ஓடும், தலை கூம்பியிருக்கும். நகத்தால காம்போட சேத்துக் கிள்ளணும், காம்பு இல்லாம வந்தா சரத்துல நிக்காது. ஈரத்துணில போட்டு வெச்சா சாயங்காலம் நாலு மணிக்குக் கட்டி முடிக்கிறப்போ ஒண்ணொண்ணா வாய் திறக்க ஆரம்பிக்கும், வீடே மணக்கும். இதைச் செய்ய தினமும் காலைல அரை மணி நேரம், கட்ட இன்னொரு அரை மணி நேரம் யாருக்கு இருக்குன்னு யோசிங்க. ரெண்டு பேரும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புற வீட்டுல அந்தப் பூவெல்லாம் செடிலயே விரிஞ்சு பழுப்பாகிக் கொட்டும். தங்கச்சி வீட்டுல அவ மாமியார் இருக்காங்க, நாலரை மணிக்கே எந்திரிக்கிறவங்க, பூ கட்டுறதுன்னா அவங்களுக்கு உயிரு. அதனால அந்த வீட்டுக்கு மல்லி சரி. இதே இடம் எங்க சித்தப்பா பையனுக்கு இருந்திருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.

மல்லி வெச்சா பாம்பு வரும்னு ஒரு பயம் எல்லா வீட்டுலயும் இருக்கு. வாசனைக்காக பாம்பு வராது, அடர்ந்த புதருக்கு அடில குளிர்ச்சியா இருக்கும், தவளை எலி ஒதுங்கும், அதைத் தேடித்தான் வரும். செடிக்கு அடில ஒரு அடி உயரத்துக்கு இலை கிளை இல்லாம சுத்தமா வெச்சுக்கிட்டு, பறிக்கப் போறப்போ கைல டார்ச் வெச்சுக்கிட்டா போதும்.

புது வீடு கட்டினவங்களுக்குன்னு ஒரு எச்சரிக்கை. எங்க வீட்டுல முதல் ரெண்டு வருஷம் மல்லி இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு. யூரியா போடு, தண்ணி ஊத்துன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க, எல்லாம் பண்ணியும் மாறல. கடைசில தோண்டிப் பாத்தா அரை அடிக்குக் கீழ கட்டட வேலைல கொட்டின சிமெண்ட் கலவையும் உடைஞ்ச செங்கல்லும். சுண்ணாம்பு ஏறின மண்ணுல இரும்புச் சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது, அதனாலதான் அந்த மஞ்சள். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைச்சு இலைல அடிச்சா பச்சை திரும்பும், ஆனா அது தற்காலிகம்தான். நடுறதுக்கு முன்னாடியே ஒன்றரை அடி ஆழத்துக்கு ஜல்லி கல்லு பொறுக்கி, செம்மண்ணும் தொழுஉரமும் போட்டு நிரப்புறதுதான் சரியான வழி. நான் இதைப் பண்ணாம விட்டதுல ரெண்டு வருஷம் போச்சு, தங்கச்சிக்கு அது வேணாம்.

அடுத்தது சாமிக்குப் பூக்குற தோட்டம், நந்தவனம். நான் இருக்குறது ஸ்ரீரங்கம், அதனால இதுல எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். தொண்டரடிப்பொடியாழ்வார் இந்த ஊருல நந்தவனம் போட்டு மாலை கட்டிக் கொடுத்தவரு, கோயில்ல அவரு சிலையைப் பாத்தா தோள்ல பூக்கூடை இருக்கும். நந்தவனத்தோட அழகே அதுல ஒரே பூ மொத்தமா பூக்கணும்னு கட்டாயம் இல்லாததுதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமா, பத்து வகை, எது பூத்திருக்கோ அது. நந்தியாவட்டை வருஷம் பூரா பூக்கும், ஒத்தை, அடுக்குன்னு ரெண்டு வகையுமே கேப்பாரில்லாம வளரும். செம்பருத்தி அதே மாதிரி. சங்குப்பூ வேலில ஏத்தி விட்டா போதும், விதை விழுந்து தானா முளைக்கும். பவளமல்லி ராத்திரி பூத்து விடியக்காலைல தரைல கொட்டிக் கிடக்கும், கீழ விழுந்த பூவை சாமிக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்ற நம்ம வீட்டுப் பெரியவங்களே இதுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்காங்க, சாயங்காலமே ஒரு துணியை விரிச்சு வெச்சா காலைல அள்ளிக்கலாம். அதோட ஒரு துளசி மாடம், ஒரு ஓரமா மரிக்கொழுந்து.

உழைப்பு கணக்குப் பாத்தா நாலு வகைல இதுதான் லேசு. ரெண்டு நாள் தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது, ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தாலும் நிக்கும். குறைன்னு சொன்னா ரெண்டு. செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வரும், வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி கொழுந்துல அடையும், அப்போ ஓஸ்ல தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புத் தண்ணியும் கலந்து சாயங்காலமா அடிச்சா அடங்கும். ரெண்டாவது அரளி. நந்தவனம்னாலே அரளி இல்லாம இருக்காது, உப்புத் தண்ணிக்கும் வெயிலுக்கும் அசையாத செடி, ஆனா இலை, பூ, குச்சி, பால் எல்லாமே விஷம், இதயத்தைப் பிடிக்கும். தங்கச்சிக்கு சின்னவன் மூணு வயசு, கைல கிடைச்சதையெல்லாம் வாயில வைக்கிற வயசு. அதனால இப்போதைக்கு அரளி கிடையவே கிடையாதுன்னு சொல்லிட்டேன். செங்காந்தளும் அப்படித்தான், நம்ம மாநில மலரு, கார்த்திகைல தீ எரியுற மாதிரி அவ்ளோ அழகா இருக்கும், ஆனா கிழங்கு கடுமையான விஷம். குழந்தை வளந்த பிறகு வெச்சுக்கலாம், என்ன அவசரம்.

ரோஜாவைப் பத்தி தங்கச்சிக்கு வருத்தம் வராம சொல்லணும்னு பாக்குறேன். ஊட்டி ரோஜாப் பூங்கா 1995ல தொடங்கினது, 2006ல உலக ரோஜாச் சங்கக் கூட்டமைப்போட விருது வாங்கினது, அதைப் பாத்துட்டு வர்றவங்க யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனா அது மலை. அந்த ஒட்டு ரோஜாவை, அதாவது காட்டு ரோஜாத் தண்டுல நல்ல ரகத்தை ஒட்ட வெச்சு வளத்ததை, கொண்டு வந்து திருச்சி சித்திரை வெயில்ல வெச்சா, ஊட்டில உள்ளங்கை அளவு பூக்குறது இங்க எலுமிச்சம்பழம் அளவுதான் வரும், மதியத்துக்குள்ள இதழ் ஓரம் கருகிடும். கார்த்திகைல இருந்து மாசி வரைக்கும் நல்லா பூக்கும், அந்த நாலு மாசத்துக்காக மிச்ச எட்டு மாசம் கரும்புள்ளி, நுனிக் கருகல், செம்பேன்னு பாத்துக்கணும். போர்த் தண்ணில உப்பு இருந்தா இலை ஓரம் கருகி மொதல்ல காட்டிக் கொடுக்கிறதும் ரோஜாதான். நான் ஒரு தடவை ஒரு நர்சரில எட்டு ஒட்டு ரோஜா வாங்கி வெச்சேன், ஒரு வருஷத்துல ஆறு செடி ஆளுயரம் வளந்து முள்ளா நிக்குது, ஒரு பூ இல்ல. ஒட்டுக்குக் கீழ இருந்து வந்த தளிரை உரத்துக்கு நல்லா வளருதுன்னு சந்தோஷமா விட்டுட்டேன், அது காட்டு ரோஜாத் தண்டு, மேல இருந்த நல்ல ஒட்டை அமுக்கி சாகடிச்சுடுச்சு. ஒட்டுல இருக்குற முடிச்சு மண்ணுக்கு மேல தெரியுற மாதிரி நடணும், அதுக்குக் கீழ எது முளைச்சாலும் அன்னிக்கே கிள்ளணும்னு விக்கிற இடத்துல யாரும் சொல்லல. ரோஜா ஆசையை விட முடியலன்னா பன்னீர் ரோஜா ரெண்டு வைங்க. நம்ம வெயிலைத் தாங்கும், ஒட்டு இல்லாம குச்சிலயே வரும், பூ சின்னதுதான் ஆனா வாசனை இருக்கே, கடைல செலோபேன் சுத்தி விக்கிற நீளக் காம்பு ரோஜால அது சுத்தமா கிடையாது.

கண்ணுக்குன்னு போடுற தோட்டம், அதாவது தங்கச்சி வீட்டுக்காரரு கேட்டது. புல்தரையைப் பத்தி ஒரே வார்த்தைல முடிச்சுடுறேன், வேணாம். கோடைல தினமும் தண்ணி கேக்கும், பூ தராது, களை பிடுங்கியே முதுகு போயிடும். ஆனா ஓரத்துல கலர் பூ போடுறது நல்ல யோசனைதான். செண்டுமல்லி, ஜீனியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை, டேபிள் ரோஸ், இதெல்லாம் விதை போட்டு ரெண்டு மாசத்துல பூக்கும், அடுத்த ரெண்டு மாசம் நிக்கும், அப்பறம் பிடுங்கிட்டு புதுசா போடணும். அதனால இதுல திட்டம்னா காலண்டர்தான். ஆயுத பூஜைக்கு வீட்டுச் செண்டுமல்லில மாலை வேணும்னா ஆடிலயே விதை போட்டுடணும். பொங்கலுக்கு வேணும்னா ஐப்பசில தாழ்வாரத்துல ட்ரேல நாத்து விட்டு, மழை கொஞ்சம் வெறிச்சதும் கார்த்திகைல எடுத்து நடணும், நேரா பாத்தில விதைச்சா அடைமழைல அழுகிடும். பாத்தி அகலம் 4 அடிக்கு மேல போகக் கூடாது, ரெண்டு பக்கமும் நின்னு கை எட்டுற அளவுதான் சரி, இல்லன்னா களை எடுக்க உள்ள மிதிச்சு மண்ணு இறுகிடும்.

செவ்வந்தி வைக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. அது பகல் குறையுறதைப் பாத்துதான் மொட்டு விடும், அதனாலதான் கார்த்திகை மார்கழி தைல பூக்குது. எங்க பக்கத்து வீட்டுல வாசல் ஓரத்துல வரிசையா செவ்வந்தி, தெருவிளக்குக்கு நேர் கீழ இருந்த நாலு செடி மட்டும் பச்சையா வளந்துக்கிட்டே இருந்துச்சு, தள்ளி இருந்ததெல்லாம் மஞ்சளா பூத்துக் குலுங்குது. உரம் பத்தலன்னு அந்த நாலுக்கு மட்டும் அவங்க தனியா போட்டுக்கிட்டு இருந்தாங்க. ராத்திரி பூரா வெளிச்சம் பட்டா அதுக்கு இன்னும் பகல் நீளமாவே இருக்குற கணக்கு, மொட்டு விடாது. தங்கச்சி வீட்டுல பின்பக்கம் ராத்திரி பூரா எரியுற லைட் ஒண்ணு இருக்கு, அதுக்கு நேர செவ்வந்தி வைக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்.

இப்போ பெரிய பொண்ணு கேட்ட பட்டாம்பூச்சித் தோட்டம். அது போயிட்டு வந்தது எங்க ஸ்ரீரங்கம் பக்கம் 2015ல திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. நெறைய பேரு தேன் பூ வெச்சா போதும்னு நெனக்கிறாங்க, வெட்சி, ஜீனியா, செண்டுமல்லி வெச்சா வரும்தான், குடிச்சுட்டுப் போயிடும். அது தங்கி முட்டை வைக்கணும்னா புழு சாப்பிடுற செடி வேணும், ஒவ்வொரு பூச்சிக்கும் அது தனித்தனி. எலுமிச்சை, கறிவேப்பிலைல ஒரு கூட்டம். எருக்குல ஒரு கூட்டம். ஆடுதின்னாப்பாளைல ஒரு கூட்டம். சரக்கொன்றை, ஆவாரைல மஞ்ச வெள்ளைப் பூச்சிங்க. நம்ம மாநிலப் பட்டாம்பூச்சியா 2019ல அறிவிச்ச தமிழ் மறவன் மலைக்காட்டுல இருக்குறது, அதைத் தோட்டத்துல எதிர்பாக்க முடியாது.

எங்க வீட்டுக் கறிவேப்பிலைல பாத்ததைச் சொல்றேன். இலை மேல குருவி எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, தண்ணி ஊத்திக் கழுவலாம்னு கிட்டப் போனா அது நகருது. அதுதான் குட்டிப் புழு, பறவை ஏமாறட்டும்னு அப்படி ஒரு வேஷம். ஒரு வாரத்துல அதே புழு தோலை உரிச்சு உரிச்சு இலைப் பச்சை நிறத்துக்கு மாறிடுச்சு, விரலால லேசா தொட்டா தலைக்குப் பின்னால இருந்து செவப்பா ரெண்டு கொம்பை நீட்டுது, கூடவே காட்டமான ஒரு வாடை. அதுக்குள்ள அந்தக் கிளைல ஒரு இலைகூட மிச்சம் இல்ல, மொட்டைக் குச்சிதான். சட்னிக்குக் கறிவேப்பிலை வேணும்னா ரெண்டு செடி வைங்க, ஒண்ணு நமக்கு ஒண்ணு அதுக்கு. இந்தத் தோட்டத்துல இலை ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும், அதைப் பாத்து மனசு கஷ்டப்படுறவங்களுக்கு இது சரிப்படாது. வேப்பெண்ணெய்கூட அந்தப் பக்கம் அடிக்கக் கூடாது. கிலுகிலுப்பைச் செடி வெச்சா பட்டாம்பூச்சி மொய்க்கும்னு படிச்சிருப்பீங்க, உண்மைதான், ஆனா அதோட காய் விதையும் விஷம், சின்னக் குழந்தை இருக்குற வீட்டுல யோசிங்க. உண்ணிச்செடியை யாரு சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க, அது காட்டையே அழிச்சுக்கிட்டு இருக்குற செடி.

மாடில தொட்டில வைக்கலாம்னு சொல்றவங்களுக்கு ரெண்டு வரி. ஆள் ஏறிப் புழங்குற மொட்டை மாடிக்குக் கணக்குப் போடுற பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோதான். செம்மண் கலவை நிரப்புன 20 லிட்டர் தொட்டி தண்ணி ஊத்தினதும் 30 கிலோவைத் தொடும், அப்போ ஒரு சதுர மீட்டருக்கு அஞ்சு தொட்டி வெச்சாலே கணக்கு முடிஞ்சுது. மண்ணைக் குறைச்சு தென்னைநார்க் கழிவு அதிகமாப் போட்டு, சுவருக்கும் பீமுக்கும் மேல வர்ற ஓரத்துல வரிசையா வைங்க, நடுத்தளத்துல குவிக்காதீங்க. தரைல இடம் இருக்கறவங்களுக்கு மாடி தேவையே இல்லன்றது என் அபிப்பிராயம், தொட்டில மல்லி பூக்கும், ஆனா கோடைல தினம் ரெண்டு வேளை தண்ணி கேக்கும்.

இனி தங்கச்சி இடத்துக்கு நான் போட்டுக் கொடுத்த பிளான். சுவத்துப் பக்கம் பாதி இடம் குளிருல நிழல்னு சொன்னேன்ல, மல்லிக்கும் அதுதான் ஓய்வு காலம். கார்த்திகைல வெட்டி விட்டு மார்கழி தைல அது சும்மா நிக்குற நேரத்துல நிழல் விழுது, பங்குனில அது மொட்டு விடுற நேரத்துல வெயில் திரும்ப வந்துடுது. அதனால சுவத்துல இருந்து 6 அடி தள்ளி கிழக்கு மேற்கா ஒரே வரிசைல குண்டுமல்லி ஆறு, 4 அடிக்கு ஒண்ணு. சுவத்துக்கும் மல்லிக்கும் நடுவுல நடக்கப் பாதை, பாதை ஓரத்துல கனகாம்பரம் ஒரு வரிசை, அது நிழலைக் கொஞ்சம் பொறுத்துக்கும், ஆனா வேர்ல நூற்புழு விழுந்தா மொத்தமும் போயிடும், அதனால மொதல்ல ஒரு போகம் அந்த இடத்துல செண்டுமல்லி போட்டுட்டு அப்பறம் கனகாம்பரம் வைக்கச் சொன்னேன், செண்டுமல்லி வேரு நூற்புழுவை அடக்கும்.

தள்ளி இருக்குற பாதில, குளிர் காலத்துலயும் வெயில் இருக்குற இடத்துல, 4 அடி அகலத்துல ரெண்டு பாத்தி. ஒண்ணு சீசன் கலர் பூவுக்கு, அவ வீட்டுக்காரரு சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து பாக்கலாம். இன்னொண்ணு செவ்வந்தியும் சம்பங்கியும், சம்பங்கிக் கிழங்கு ஒரு தடவை நட்டா மூணு வருஷம் நிக்கும். வடகிழக்கு மூலைல பொண்ணோட பட்டாம்பூச்சி மூலை, எலுமிச்சை ஒண்ணு, கறிவேப்பிலை ரெண்டு, வெட்சி நாலு, அங்க மருந்து கிடையாது, அதுக்குப் பொறுப்பு அவளேதான்னு நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கியிருக்கேன். வடக்கு காம்பவுண்டு ஓரமா உயரமான செடிங்க, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி ஒண்ணு. உயரமானதை வடக்கு ஓரத்துல வெச்சா குளிருல அதோட நிழல் காம்பவுண்டுக்கு வெளில விழும், பாத்திக்கு வராது. பவளமல்லியை மட்டும் பட்டாம்பூச்சி மூலைக்கு எதிர்ப்பக்கம் வடமேற்குல வெச்சேன், எங்க வீட்டு மரத்துல ஒரு ஐப்பசில கம்பளிப்பூச்சி அடிமரத்தையே போர்வை போத்தின மாதிரி மூடிடுச்சு, புள்ளைங்க விளையாடுற பக்கம் அது வேணாம். தங்கச்சிக்கு பன்னீர் ரோஜா ரெண்டு, வெயில் பாதில, கதவுக்கு நேரா தெரியுற மாதிரி.

இவ்ளோ வெச்சா கூட்டமாயிடுமேன்னு தங்கச்சி கேட்டா. ஆமா, ரெண்டாவது வருஷம் கொஞ்சம் நெருக்கும், அப்போ சீசன் பாத்தியைச் சுருக்கிக்கலாம், மல்லியைத் தொடக் கூடாது. எல்லாத்தையும் ஒரே வாரத்துல நடவும் வேணாம்னு சொல்லியிருக்கேன். இந்த மாசம் மண்ணைத் தோண்டி ஜல்லி பொறுக்குறது, குழி எடுத்து ஆறப் போடுறது, போர்த் தண்ணியை டெஸ்டுக்குக் கொடுக்குறது, அவ்ளோதான். தண்ணி ரொம்ப உப்புன்னு ரிசல்ட் வந்தா ரோஜாவை விட்டுட்டு அந்த இடத்துக்கும் நந்தியாவட்டை. ஆடிப்பெருக்கு அன்னிக்கு மல்லி நாத்து நடுறதா இருக்கு. பூவு கைக்கு வர அடுத்த பங்குனி ஆகும், ஆனா அவ மாமியார் இப்பவே வாழை மட்டையைக் கிழிச்சு நாரை மாடிக் கொடில காயப் போட்டு, கத்தையா சுருட்டி பூஜை அலமாரில எடுத்து வெச்சுட்டாங்க.